போர் நடவாத ஊரின் போர்க்காலம்

போர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது போர்க்களம். வென்றவர் யார், தோற்றவர் யார், மாண்டவர் எத்தனை பேர் என்பனவே நாம் பள்ளிக்கூடத்திற் படித்த போர் வரலாறு. களத்துக்கு நெடுந்தூரத்தில், துப்பாக்கி வேட்டின் ஒலி கூடக் கேளாத ஒரு சிற்றூரில், அந்தப் போர் நடந்த காலத்தில் அடுப்பு எவ்வாறு எரிந்தது, பிள்ளைகள் எதை உண்டு பள்ளிக்குச் சென்றனர் என்று நாம் கேட்பதில்லை.

புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் உடப்பு என்னும் தமிழ்க் கிராமம் உண்டு. ஆடி மாதத்தில் அங்குள்ள திரௌபதையம்மன் கோவிலிலே பதினெட்டு நாள் விழாவும் தீமிதிப்பும் நடைபெறுகின்றன. பாரதப் போரை ஆண்டுதோறும் நினைவுகூரும் ஊர் அது. ஆயினும் தமிழர் பெரிதும் போற்றிப் படித்த வில்லிபுத்தூரார் பாரதம் பத்துப் பருவங்களோடு நின்றுவிடுகின்றது. அசுவத்தாமன் நள்ளிரவிலே பாசறையிற் புகுந்து செய்த கொடுமையைக் கூறும் சௌப்திக பருவமே அதன் முடிவு. வியாசரோ அதனையடுத்து ஸ்திரீ பருவம் என்றொரு பருவம் வைத்தார். களத்துக்கு வந்த பெண்கள் தத்தம் மைந்தரையும் கணவரையும் தேடியழும் பருவம் அது. பிற்காலத்தில் நல்லாப்பிள்ளை எஞ்சிய பருவங்களையும் பாடி முடித்தாரெனினும், நம் கல்விக்கூடங்களில் நிலைத்தது வில்லியின் பாரதமே. போரைப் பற்றிய நம் படிப்பு பெண்கள் அழத் தொடங்குமுன் நின்றுவிடுவது இன்று நேற்று ஏற்பட்ட பழக்கமன்று போலும்!

அந்த விடுபட்ட பருவத்தின் சிறு பகுதியையே இன்று வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம். நாம் சொல்லப் போகும் ஊர், உடப்புக்கு அயலில் உள்ள முந்தல். அது நம் அன்னையாரின் ஊர். நாம் சிறு வயதில் வளர்ந்ததும் அங்கேதான்.

ஏரியும் கடலும்

சிலாபத்திலிருந்து வடக்கே புத்தளம் செல்லும் பெருவீதியில் முந்தல் இருக்கின்றது. மேற்கே ஆழமற்ற உவர்நீர் ஏரி. அதற்கும் அப்பால் ஒரு மணற்றிட்டு. அதன் பின் கடல். ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் இந்த ஏரியை வடக்கே புத்தளம் கடனீரேரியோடும் தெற்கே சிலாபத்தோடும் இணைக்கின்றது. 1926 இல் புகையிரதப் பாதை புத்தளம் வரை நீண்டபொழுது முந்தலுக்கும் ஒரு நிலையம் கிடைத்தது.

தென்னை, மீன், உப்பு ஆகிய மூன்றுமே இப்பகுதியின் செல்வம். மழை குறைந்த நாடு. கரைவலை இழுப்போர், தோட்டங்களில் தேங்காய் பறிப்போர், கருவாடு போடுவோர், சிறு கடை வைத்திருப்போர் ஆகியோரே இங்கு வாழ்வோர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும், இந்துக்களும் கிறித்தவரும் பௌத்தரும் கலந்து வாழும் இடம். வயல் உண்டெனினும், ஊருக்குப் போதிய நெல் விளைவதில்லை. அரிசி வெளியிலிருந்து வரவேண்டும். இந்த ஒரு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக; பின்னே வருவதெல்லாம் இதனோடு தொடர்புடையது.

அரிசிக் கப்பல் வராத ஆண்டு

1942 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் யப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். ஏப்பிரில் 5 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு காலையில், கொழும்பு நகரின் மீது அவர்களுடைய விமானங்கள் குண்டு வீசின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை தாக்கப்பட்டது. இவற்றையெல்லாம் மாணவர் வரலாற்று நூல்களிற் படித்திருப்பர். கொழும்பிலிருந்து மக்கள் கூட்டங் கூட்டமாகக் கிராமங்களுக்கு ஓடியதையும் படித்திருப்பர்.

முந்தலில் குண்டு எதுவும் விழவில்லை. ஆனால், இரங்கூன் வீழ்ந்த செய்தி குண்டினும் கொடியதாக அங்கு வந்து சேர்ந்தது. அக்காலத்தில் இலங்கை மக்கள் உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளிநாட்டிலிருந்து வந்தது. அதிற் பெரும் பகுதி பர்மா அரிசி. அந்தக் கப்பல்கள் நின்றன. போர்க்களத்துக்கும் முந்தற் குடிசைக்கும் இடையே இருந்த தூரத்தை ஒரு சோற்றுப் பானை குறைத்துவிட்டது!

நம் அம்மம்மா அக்காலத்திற் பதின்மூன்று வயதுச் சிறுமி. அவர் அடிக்கடி கூறுவார்: "மீன் இருந்திச்சி மகன், சோறுதான் இல்ல. மீன மட்டும் திண்டுக்கிட்டு எத்தின நாளைக்கு இருக்கிற?" வலையில் மீன் நிறையப் பட்ட நாளிலும் வீட்டில் உலை வைக்க அரிசி இல்லை. ஆடவர் கருவாட்டைச் சாக்கிற் கட்டிக்கொண்டு கிழக்கே காட்டோரத்துச் சிங்களக் கிராமங்களுக்குச் சென்று, குரக்கனாக மாற்றிக்கொண்டு திரும்புவராம். மரவள்ளிக் கிழங்கு காலையுணவும் ஆயிற்று, இரவுணவும் ஆயிற்று. பழக்கமில்லாத கோதுமை மா வந்தபொழுது அதனைப் பிட்டாக அவிப்பதா, ரொட்டியாகச் சுடுவதா என்று பெண்கள் கூடி ஆலோசித்தனராம். இன்று பாணும் ரொட்டியும் இல்லாத வீடு நம் நாட்டில் இல்லை. அந்தப் பழக்கம் ஊர்ப்புறங்களில் வேரூன்றியதற்கு அந்தப் பஞ்சகாலம் ஒரு முக்கிய காரணம் என்பதை உண்பவருட் பலர் அறியார்.

பாலாவி விமானத்தளம்

முந்தலுக்கு வடக்கே, புத்தளத்தை அடுத்த பாலாவியில், போரின் பொருட்டு ஒரு விமானத்தளம் அமைக்கப்பட்டது. பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவு அங்கு தங்கியது. அத்தளத்துக்கு 'ராஜாளிய' என்று பெயரிட்டனர். ராஜாளிப் பறவையின் பெயர் அது. மழைக்காலத்தில் ஓடுபாதையை விட்டு விலகிச் சேற்றிற் புதைந்த விமானங்களை இழுத்தெடுக்க யானைகள் பயன்பட்டன. உலகின் புதுமைமிக்க போர்ப்பொறியை, பாரதப் போரிலும் நின்ற பழைய விலங்கு கட்டி இழுத்த காட்சியை நினைத்துப் பாருங்கள்!

கரையோரங்களில் இரவில் விளக்கு வெளியே தெரியலாகாது என்று கட்டளை பிறந்தது. விமானம் பறக்கும் ஒலி கேட்டால், அது நம்முடையதா, யப்பானியருடையதா என்று தெரியாமல் தாய்மார் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு தென்னந்தோப்புக்குள் ஓடினர் என்று அம்மம்மா சொல்வார். ஒலி அடங்கியபின் திரும்பி வந்து மீண்டும் கிழங்கு அவிப்பர். அச்சத்தைவிடப் பசி பெரிதாக இருந்தது.

கூப்பனும் சங்கக்கடையும்

அந்நாளில் அரசினர் கைக்கொண்ட வழி பங்கீடு. செல்வனாயினும் வறியவனாயினும் அட்டைக்குரிய அளவு அரிசியே பெறலாம். உணவு ஆணையாளராகவிருந்த சேர் ஒலிவர் குணதிலக இம்முயற்சியை நடத்தினார். கூட்டுறவுப் பண்டகசாலைகள் போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கில் தோன்றின. 'சங்கக்கடை' என்று இன்றும் நாம் வழங்கும் பெயர் வீட்டுக்கு வீடு பழகிய காலம் அதுவே. விதானையார் குடும்பத்திலுள்ளோரை எண்ணிப் பதிந்தார். கூப்பன் புத்தகம் தாலிக்கு அடுத்தபடியாகப் பெண்கள் காத்த பொருளாயிற்று.

அளவு போதாது; அரிசியிற் கல்லும் புழுவும் உண்டு; கள்ளச் சந்தையும் உண்டு. குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அதே காலத்தில் வங்காளத்தில் நிகழ்ந்ததை ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். அங்கேயும் பர்மா அரிசி நின்றது. அரசினர் கல்கத்தா நகரத்து மக்களுக்கு மலிவு விலையில் அரிசி கிடைக்க வழி செய்தனர், நாட்டுப்புறத்தைக் கைவிட்டனர். விலை ஏறியது, கூலியாட்களும் மீனவரும் வாங்க வழியின்றி வீதிகளில் மாண்டனர். 1943 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் முப்பது இலட்சம் பேர் வரை இறந்தனர் என்று மதிப்பிடுவர். அப்பஞ்சத்தைச் சிறுவனாக நேரிற் கண்ட அமர்த்தியா சென் என்னும் பொருளியல் அறிஞர், 1981 இல் வெளியிட்ட நூலில், உணவு இருந்தும் அதனைப் பெறும் வலிமை இழந்தமையாலேயே மக்கள் மாண்டனர் என்று எடுத்துக்காட்டினார்.

முந்தற் கரைவலைக்காரரும் வங்காளத்து மீனவரைப் போன்றவரே. கையிற் பணமும் இல்லை, வயலும் இல்லை. அவர்களை ஓரளவு காத்தது அந்த அழுக்குப் படிந்த கூப்பன் புத்தகம். இதனாலேதான் போர் முடிந்தபின்னும் நம் மக்கள் அதனை விட்டுவிட ஒருப்படவில்லை. 1953 இல் பங்கீட்டரிசியின் விலை கொத்து இருபத்தைந்து சதத்திலிருந்து எழுபது சதமாக உயர்த்தப்பட்டபொழுது, ஆகஸ்டு 12 இல் நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். போருக்கென்று பிறந்த பங்கீட்டு முறை 1979 இல் உணவு முத்திரை வரும்வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தது.

அம்மம்மா இறுதிவரை ஒரு பழக்கத்தை விடவில்லை. அரிசி அளந்து பானையில் இடும்பொழுது ஒரு பிடியை எடுத்து வேறு ஒரு தகரப் பேணியில் இடுவார். "ஏன் அம்மம்மா?" என்று கேட்டால், "கூப்பன் காலம் திரும்பி வந்தா?" என்பார். நாங்கள் சிரிப்போம்.

மீண்டும் வந்த போர்

அது திரும்பித்தான் வந்தது. வேறு வடிவில் வந்தது. 1983 இற்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் மூண்ட போர் முந்தலைக் களமாகக் கொள்ளவில்லை. வீதியிற் சோதனைச் சாவடிகள் வந்தன. அடையாள அட்டையின்றி வெளியே செல்ல இயலாதாயிற்று. கொழும்புக்கு வேலை தேடிச் சென்ற தமிழ் இளைஞர், பொலிசுப் பதிவு, விசாரணை எனத் துன்புற்றனர். இவை எல்லா ஊரிலும் நடந்தவை.

நம் மாவட்டத்துக்கே உரியதாக வந்தது வேறொன்று. 1990 ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில், வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று தமிழீழ விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அக்டோபர் 30 ஆம் நாள் இரண்டு மணி நேரமே தவணை கொடுக்கப்பட்டது. நகையும் பணமும் வழியிற் பறிக்கப்பட்டன. மன்னார்த் தீவினர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினர். மொத்தத்தில் ஏறக்குறைய எழுபத்தையாயிரம் பேர் தம் ஊரை இழந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் வந்து தங்கியது புத்தளம் மாவட்டத்தில். கற்பிட்டி, புத்தளம், வண்ணாத்திவில்லு, முந்தல் ஆகிய பிரிவுகளில் முகாம்கள் எழுந்தன.

பருவமழைக் காலம் அது. பள்ளிவாசல்களிலும் பள்ளிக்கூடங்களிலும் முதலில் தங்கினர். பின்னர் ஊரவர் விட்டுக்கொடுத்த தென்னங்காணிகளிற் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. கிணறுகள் வற்றும் நாட்டில் ஒரு கிணற்றுக்கு நூறு குடங்கள் வந்து நின்றன. தோட்டக் கூலிக்கு ஆட்கள் பெருகவே கூலி வீழ்ந்தது. வந்தவர் துன்பம் பெரிது. இடங்கொடுத்தவரும் வறியவரே என்பதையும் மறத்தலாகாது.

ஒரே வாங்கில்

நமக்கு அப்பொழுது பத்து வயது. பள்ளிக்கூடத்தில் இடம் போதவில்லை. சில மாதங்கள் காலையில் நாமும் மாலையில் அவர்களுமாகப் படித்தோம். பின்னர் சிலர் நம் வகுப்பிலேயே சேர்க்கப்பட்டனர். மன்னாரிலிருந்து வந்த ஒரு சிறுவன் நம் வாங்கில், நமக்குப் பக்கத்தில் இருத்தப்பட்டான்.

அவர்களை 'அகதிப் பிள்ளைகள்' என்று நாம் அழைத்தோம். கதியற்றவர் என்பது அச்சொல்லின் பொருள். பொருள் தெரிந்து சொல்லவில்லை. அவர்கள் முகம் வாடியதைக் கண்ட பின்னும் சொல்வதை நிறுத்தவில்லை. இன்று நாற்பது வயதைக் கடந்து, நூற்றுக்கணக்கான மாணவருக்குச் சொற்பொருள் கற்பித்துவிட்ட பின், அந்த ஒரு சொல்லை நினைக்க நாணுகின்றோம்.

ஒரு நாள் இடைவேளையில் அச்சிறுவன் நம்மை நோக்கி, "ஒங்கட ஆக்கள்தானே எங்களப் போகச் சொன்னது?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. பாடத்தில் ஐயம் கேட்பவனைப் போலக் கேட்டான். நாம் விடை கூறவில்லை. எழுந்து விளையாடப் போய்விட்டோம்.

வீட்டுக்கு வந்து அம்மம்மாவிடம் சொன்னோம். "நாம என்ன செய்தோம், அம்மம்மா? நாம இங்கதானே இருந்தோம்?" என்று கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின் எழுந்து அந்தத் தகரப் பேணியை எடுத்தார். இருந்த அரிசியை முழுவதும் ஒரு துணியிற் கொட்டி முடிந்தார். "நீ செய்யல்ல மகன். ஆனா ஒங்கிட்டத்தானே கேட்டான். கேட்ட புள்ளைக்கு ஒண்டும் சொல்லாம வந்தது பிழை. இதக் கொண்டு போய் அந்தப் புள்ளட உம்மாட்டக் குடு" என்றார்.

முடிச்சைக் கொண்டு முகாமுக்குச் சென்றோம். அவனுடைய தாயார் அதனைப் பெற்றுக்கொண்டார். வெறும் துணியைத் திருப்பித் தரலாகாது என்று அதில் இரண்டு துண்டு கருவாடு வைத்துத் தந்தார். இருந்ததே அவ்வளவுதான் என்பதை அக்கொட்டிலைப் பார்த்த எவரும் அறிவர். அவனுடைய கேள்விக்கு அன்றும் நாம் விடை சொல்லவில்லை. சில மாதங்களின் பின் அவன் குடும்பம் வேறு முகாமுக்குச் சென்றுவிட்டது. மறுபடி அவனைக் காணவில்லை.

விடை சொல்லவேண்டிய கடன்

விடை இன்று தெரிகின்றது. ஆம், நம் மொழி பேசியவர்கள், நம் பேராற் பேசியவர்கள், அயல்வீட்டாரை இரண்டு மணி நேரத்தில் துரத்தினர். அது பெருந்தவறு. தமிழ் மக்களும் அதே போரிலே எண்ணற்ற முறை வீடிழந்தனர், உறவிழந்தனர், 2009 மே மாதம் வரை சொல்லொணாத் துயருற்றனர் என்பதும் உண்மை. ஒரு துயரைக் காட்டி மற்றொரு துயரை மறைத்தல் முறையன்று. பத்து வயதில் சொல்லாத இவ்விடையை எழுத்திலேனும் சொல்லிவிடுவது நம் கடன்.

2007 முதல் உலக வங்கியின் உதவியோடு புத்தளத்தில் வீடமைப்புத் திட்டம் நடைபெற்றது; கிடுகுக் கொட்டில்கள் பல கல்வீடுகளாயின. 2009 இற்குப் பின் சிலர் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டனர். பலர் இங்கேயே தங்கினர். சில ஆண்டுகளுக்கு முன் தேர்வு மேற்பார்வையின் பொருட்டுப் புத்தளத்துப் பாடசாலை ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். படிவம் நிரப்பிய மாணவி ஒருத்தி, சொந்த ஊர் என்னும் இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். கேட்டபொழுது, "சேர், வாப்பா எருக்கலம்பிட்டி எண்டு எழுதச் சொல்லுவார். நான் அங்க ரெண்டு தரம்தான் போயிருக்கன்" என்றாள். போர் முடிந்து பல்லாண்டுகள் கழிந்தும், அப்பெண்ணின் படிவத்தில் ஒரு வரி வெறுமையாயிருந்தது.

மாணவர்களே! உங்கள் வீடுகளில் அம்மம்மாவோ அப்பாச்சியோ இருப்பாராயின், போர்க்காலத்தில் என்ன சமைத்தீர்கள், யார் உங்களுக்கு இடங்கொடுத்தார், நீங்கள் யாருக்கு இடங்கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள். யப்பானிய விமானம் பறந்ததைக் கண்ட கண்கள் இன்று மிகச் சிலவே எஞ்சியுள்ளன. 1990 ஐக் கண்ட கண்களும் முதிர்ந்து வருகின்றன. உங்கள் பக்கத்து வாங்கில் இருப்பவன் கடினமான கேள்வி ஒன்று கேட்டால், எழுந்து விளையாடப் போய்விடாதீர்கள். இருந்து விடை சொல்லுங்கள்; விடை தெரியாவிடில் தெரியாதென்றாவது சொல்லுங்கள்.

அம்மம்மா இன்று இல்லை. அந்தத் தகரப் பேணி நம் வீட்டுச் சமையலறையில் இருக்கின்றது. நம் இல்லாள் அதில் நாள்தோறும் ஒரு பிடி அரிசி இடுகின்றாள். நம் பிள்ளைகள், ஏன் என்று கேட்டுச் சிரிக்கின்றனர். அவர்கள் சிரிக்கட்டும், அது நிறைந்தவுடன் யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதை மட்டும் அவர்களுக்குக் கற்பித்து வருகின்றோம்.